கழுத்து நரம்பும் காந்தப் பரிவும்
மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் ‘நரம்பு’ என்னும் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பழந்தமிழ் இலக்கியங்களில் அது யாழிற் கட்டப்பட்ட நாணைக் குறித்தது. அந்நாணிற் பிறக்கும் சுரத்தையும் குறித்தது. வைத்திய நூல்களில் உடலினுள் ஓடும் நார்போன்ற உறுப்புக்கள் பலவற்றுக்கும் அது பொதுப்பெயராயிற்று. பேச்சு வழக்கில் இன்றும் இந்நிலையே தொடர்கிறது. கையிற் புடைத்து நிற்கும் குருதிக்குழாயும் நரம்பு. குதிக்காலின்மேல் இறுகி நிற்கும் தசைநாணும் நரம்பு. மூளையிலிருந்தும் முண்ணாணிலிருந்தும் கிளைத்து உணர்ச்சியையும் அசைவையும் கடத்தும் இழையும் நரம்பு. கழுத்து நரம்பு இழுக்கிறது என்று படுவான்கரை வயற்காரர் ஒருவர் சொல்லும்பொழுது, இம்மூன்றில் எதனைச் சொல்கிறார் என்பது கேட்கும் வைத்தியருக்கு உடனே விளங்குவதில்லை. தசைப்பிடிப்பாயின் எண்ணெயும் ஒத்தடமும் ஓய்வும் போதும். முண்ணாணை எலும்பு அழுத்துவதாயின் காலந்தாழ்த்தலாகாது. இவற்றை வேறுபிரித்தறிய இன்று கையாளப்படும் கருவிகளில் முதன்மையானது, மருத்துவமனை வழக்கில் ‘எம்.ஆர்.ஐ. ஸ்கான்’ எனப்படும் காந்தப் பரிவுப் படமாக்கம்.

மருத்துவக் கருவியொன்றைப்பற்றி இலக்கிய மாணவர் எழுதப் புகுவது முறையோ எனச் சிலர் வினவலாம். படம் என்பது ஒருவகைப் பனுவல். அது எப்பொருளிலிருந்து, எவ்வகை விதிகளுக்கமைய ஆக்கப்பட்டது, எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது, யார் கைக்கு எட்டுகிறது என வினவுவது நமக்குப் பழக்கமான தொழில். இலக்கியப் பனுவலைச் சமூகத் தளத்திலிருந்து பெயர்த்தெடுத்துத் தனியே வைத்துப் படிப்போரின் தவறு நமக்கு நன்கு தெரிந்ததே. கழுத்தின் படத்தையும் அவ்வாறே படிப்போர் உளர்.

‘பரிவு’ என்னும் சொல்லையும் சற்று நோக்கவேண்டும். தமிழ்நாட்டார் ஒத்ததிர்வு, ஒத்திசைவு என்று வழங்குவதனை இலங்கைப் பாடநூல்கள் பரிவு என்கின்றன. பள்ளிகளில் விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கவேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்ற காலத்துக் கலைச்சொல்லாக்கத்தின் பேறுகளுள் இதுவுமொன்று. ஒன்றன் அதிர்வுக்கு மற்றொன்று இரங்கி அதிர்வதனை இரக்கத்தைக் குறிக்கும் சொல்லாற் சுட்டியவர் எவராயினும் பாராட்டுக்குரியவர். ஒரே சுருதிக்குக் கூட்டிய இரண்டு நரம்புகளுள் ஒன்றை மீட்டினால், தொடப்படாத மற்றதன்மேல் வைத்த துரும்பு துள்ளுவதைக் காணலாம். வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்தவரும் விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவருமாகிய சுவாமி விபுலாநந்தர் (1892-1947), தம் இறுதியாண்டில் வெளிவந்த ‘யாழ்நூ’லிற் பழந்தமிழிசையைக் கணிதத்தின் துணைகொண்டு ஆராய்ந்தார். யாழ் நரம்பின் இப்பரிவை விளங்கிக்கொள்வோர்க்கு உடல் நரம்பைக் காட்டும் கருவியின் அடிப்படையும் விளங்கும்.

முதலில் கழுத்தைப் பார்ப்போம். கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உள. ஆயினும் அங்கிருந்து புறப்படும் நரம்புச் சோடிகள் எட்டு. என்புகளுக்கிடையே மெத்தைபோன்ற வட்டத்தட்டுக்கள் அமைந்துள்ளன. என்புகளின் நடுவே ஓடும் கால்வாயினுள், தெளிந்த நீர்மமொன்றில் மிதப்பதுபோல முண்ணாண் இறங்குகிறது. அதன் இருமருங்கிலும் இருந்து நரம்பு வேர்கள் சிறு துவாரங்களினூடாக வெளியேறுகின்றன. ஐந்தாவது முதல் எட்டாவது வரையான கழுத்து வேர்களும் மார்பின் முதல் வேரும் கூடிப் பிரிந்து மீண்டுங் கூடி, தோளின் கீழே புயநரம்புப் பின்னலாகின்றன. வீச்சுவலையின் கண்ணிகள்போல ஒன்றோடொன்று முடிச்சிட்ட இப்பின்னலிலிருந்தே கைக்குரிய நரம்புகள் அனைத்தும் பிறக்கின்றன. ஆகவே கழுத்திலுள்ள கேடு விரலிலே தெரியும். ஆறாம் வேர் அழுத்துண்டாற் பெருவிரல் மரக்கும். ஏழாம் வேராயின் நடுவிரல். எட்டாம் வேராயின் சிறுவிரல். கைதேர்ந்த வைத்தியர் நோயாளியின் விரலைத் தொட்டும் முழங்கைத் தசைநாணைச் சிறு சுத்தியலாற் தட்டியும் பழுதுற்ற வேர் எதுவெனப் பெரும்பாலும் ஊகித்துவிடுவார். படம் அந்த ஊகத்தைச் சரிபார்க்கவே வேண்டப்படுகிறது. இவ்வரிசை இன்று பல இடங்களில் தலைகீழாகி வருவது கவலைக்குரியது.

இனிப் படம் ஆக்கப்படும் முறை. ஊடுகதிர்ப் படம் எலும்பைக் காட்டும், நரம்பைக் காட்டாது. காந்தப் பரிவுப் படமும் உண்மையில் நரம்பை நேரே காட்டுவதில்லை, நீரையே காட்டுகிறது. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள. ஒவ்வோர் ஐதரசன் கருவும் நுண்ணிய காந்தம்போல நடந்துகொள்கிறது. இயல்பு நிலையில் இவை திசைக்கொன்றாய்ச் சிதறிக் கிடக்கும. வலிய காந்தப்புலத்தினுள் உடலைக் கிடத்தும்போது, பத்து இலட்சத்துக்குச் சிலவென்னும் மிகச் சிறிய அளவினவே புலத்தின் திசைக்கு மேலதிகமாகச் சாய்கின்றன. அச்சிறு சாய்வே இக்கலையின் முழு மூலதனமும். வழக்கிலுள்ள பொறிகள் பலவற்றின் புலம் 1.5 தெசுலா, இது புவியின் காந்தப்புலத்தைப்போல் முப்பதினாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. அப்புலத்திலே ஐதரசன் கருக்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 39 இலட்சம் தடவை பம்பரம்போல் தலைசுற்றுகின்றன. அதே சுருதியில் ஒரு வானொலி அலையைச் செலுத்தினால் அவை பரிந்து எழும். அலையை நிறுத்தியதும் பெற்றதைத் திருப்பித் தந்தபடி பழைய நிலைக்குத் தளரும். தளரும்போது அவை எழுப்பும் மெல்லிய குரலைச் சுருள்கள் கேட்கின்றன. பொறிக்குட் கிடப்பவர் கேட்கும் தடதடவென்ற பேரொலி வேறு; அது மின்னோட்டம் மாறும்போது சுருள்கள் அதிர்வதால் எழுவது.

குரல் எவ்விடத்திலிருந்து வருகிறது என எவ்வாறு அறிவது? புலத்தை இடத்துக்கிடம் சற்றே வேறுபடுத்தினாற் கருக்களின் சுருதியும் இடத்துக்கிடம் வேறுபடும். சுருதியைக்கொண்டு இடத்தைச் சொல்லிவிடலாம். 1973இல் அமெரிக்க இரசாயனவியலாளர் போல் லோற்றபர் இவ்வழியில் இரண்டு மெல்லிய நீர்க்குழாய்களின் படத்தை ஆக்கி ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். அவ்விதழ் அக்கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தது என்பதை ஆய்விதழ் நடத்துவோர் மனங்கொள்ளுதல் நன்று. இங்கிலாந்தில் பீற்றர் மான்ஸ்பீல்ட் கணித முறைகளைச் செப்பஞ்செய்தார். இருவருக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது. தாமும் உரியவரென வாதிட்ட றேமண்ட் டமேடியன் விடுபட்டமைபற்றிப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம்வரை சர்ச்சை நீண்டது. தனிமனித மேதைமையின் கதையாக இதனைச் சொல்வது எளிது. ஆயின் 1938இல் ரபியும், 1946இல் புளொக்கும் பேர்செலும் கண்ட கருக்காந்தப் பரிவு, 1911இல் லெய்டனிற் கண்டறியப்பட்ட மீகடத்துதிறன், போர்க்கால வானொலி நுட்பம், கணனி ஆகிய அனைத்தும் பெயர் தெரியாத பல்லாயிரவரின் உழைப்போடு திரண்ட பின்னரே இக்கருவி சாத்தியமாயிற்று.

எல்லா நீரும் ஒரே வேகத்திற் தளர்வதில்லை என்பதே படத்துக்கு ஒளியும் நிழலும் தருவது. தளையின்றி நிற்கும் நீர் மெதுவாகத் தளரும். தசையினுட் கட்டுண்ட நீர் விரைந்து தளரும். கால்வாயிலுள்ள நீர்மம் ஒருவகைப் படத்தில் வெண்மையாகத் தெரிய, அதனுள் முண்ணாணும் வேர்களும் கருமையான இழைகளாகத் துலங்கும். சிக்கல் கால்வாய்க்கு வெளியேதான் தொடங்குகிறது. அங்கே சில மில்லிமீற்றரே பருமனான நரம்புகள் கொழுப்பினுட் பொதிந்து கிடக்கின்றன. கொழுப்பும் படத்தில் வெண்மையாகத் தெரிவதால் நரம்பு அதனுள் மறைந்துபோகும். இதற்கு ஒரு தந்திரம் கையாளப்படுகிறது. முதலில் எல்லாக் கருக்களையும் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவர். கொழுப்பின் கருக்கள் விரைந்து மீளும். அவ்வாறு மீள்கையில் அவற்றின் குரல் சுழியாகும் ஒரு கணம் உண்டு; 1.5 தெசுலாவில் அது ஏறத்தாழ 0.15 செக்கனில் வரும். அக்கணத்தைக் குறிவைத்துப் பதிவைத் தொடங்கினாற் கொழுப்பு இருண்டுவிடும். நரம்பு எஞ்சி ஒளிரும். நசுங்கியோ வீங்கியோ உள்ள நரம்பினுள் நீர் மிகுதியாகையால் அது மேலும் ஒளிரும். இவ்வழிகளில் நரம்பையே தனியாகப் படமாக்கும் முறையை ஆரன் ஃபில்லரும் உடனுழைத்தோரும் 1993இல் ‘லான்செற்’ இதழில் எடுத்துரைத்தனர். 1996இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பின்னர் பொறி செய்யும் பெருநிறுவனங்களோடு வழக்குகளும் நடந்தன. நரம்பைப் பார்க்கும் ஒரு வழியும் தனியுடைமையாகலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கழுத்து இம்முறைக்கு எளிதில் இணங்கும் இடமன்று. மூச்சு விடுகையிலும் உமிழ்நீர் விழுங்குகையிலும் அது அசைகிறது; பக்கத்திலே பெரிய நாடிகள் துடிக்கின்றன; மூச்சுக்குழாயிலும் நுரையீரல் நுனியிலும் உள்ள காற்று காந்தப்புலத்தைக் குலைக்கிறது; கழுத்திலிருந்து தோளுக்கு உடலின் வடிவம் சட்டென மாறுவதும் இடர் தருவது. எனவே நல்ல பொறியோடு, பொறுமையுள்ள தொழில்நுட்பவியலாளரும் இருபது முப்பது நிமிடம் அசையாது கிடக்கக்கூடிய நோயாளியும் வேண்டும். வலியால் துடிப்பவர் அசையாது கிடப்பது எங்ஙனம் என்று பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை.

இனி வாவிக்கரைக்கு வருவோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவியின் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இரு கரைகளின் வாழ்வும் கழுத்திலும் தோளிலும் ஏறியே நடந்துவந்துள்ளது. தோணி வலித்தல், வலை வீசி இழுத்தல், மீன் கூடையைத் தலையிற் சுமந்து ஊர் ஊராய் விற்றல், வெட்டிய வேளாண்மையைக் கட்டுக் கட்டாய்ச் சூடு வைக்கும் இடத்துக்குச் சேர்த்தல், களவெட்டியிலிருந்து நெல் மூட்டையைப் பிடரியில் ஏற்றி வண்டிக்குக் கொண்டுசெல்லல், மருதமுனையிலும் காத்தான்குடியிலும் தறியின்முன் நாள் முழுதும் குனிந்திருத்தல் ஆகிய யாவும் கழுத்தை வருத்தும் தொழில்களே. இயந்திரங்கள் வந்தபின் இவற்றுட் பல குறைந்துள்ளன. ஆனால் இன்று அறுபது வயதைக் கடந்தோரின் கழுத்துக்கள் முந்திய உற்பத்தி முறையின் பதிவேடுகளாகும். போடியாரின் நிலத்தில் முல்லைக்காரனும் கூலியாளும் சுமந்த மூட்டைகளின் கணக்கு எவ்வேட்டிலும் இல்லை. முள்ளென்புகளின் தேய்விலே உண்டு. (வடமோடிக் கூத்தர் விடியும்வரை பாரமான முடியோடு ஆடிய கழுத்தையும் இங்கே சேர்க்கலாம். கலையும் உழைப்பே.) தலையிற் சுமை காவுவோரின் கழுத்தென்புகளில், காவாதோரைவிடத் தேய்வு மிகுதி என்பதை மேற்கு ஆபிரிக்கச் சுமைகாரரிடையே நடத்திய ஊடுகதிர் ஆய்வொன்று 1997இற் காட்டியது.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தேய்வு வேறு, நோய் வேறு. 1990இல் அமெரிக்காவில் கழுத்து வலியே இல்லாத 63 பேரைக் காந்தப் பரிவுப் பொறியில் இட்டுப் பார்த்தபோது 19 வீதத்தினரின் படங்களிற் கோளாறு காணப்பட்டது. யப்பானில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், அவ்வாறே கழுத்துத் தொல்லையற்ற 1,211 பேருள் 87.6 வீதத்தினரிடம் வட்டத்தட்டு பிதுங்கியிருந்தது. இருபது வயதினரும் இதற்கு விலக்கல்லர். அதாவது, படத்திற் பிதுக்கம் தெரிகிறது என்பதனால் மட்டும் அதுவே வலிக்குக் காரணமென முடிவுகட்டல் ஆகாது. எந்த விரல் மரக்கிறது, எந்தத் தசை தளர்ந்துள்ளது, நோயாளி என்ன தொழில் செய்கிறார் என்பவற்றோடு பொருந்தினாலேயே படம் பொருள் பெறும். பொருந்தாதபோதும் படத்தை நம்பிக் கத்தி எடுப்பது, உரையாசிரியரைப் படித்துவிட்டு மூலத்தைப் படியாது விடுவதற்கு ஒப்பானது.

மற்றொரு குறைபாடு இதனினும் ஆழமானது. படம் எடுக்கும்போது நோயாளி மல்லாந்து, சுமையின்றி, கழுத்துக்கு அணை கொடுத்துக் கிடக்கிறார். வலியோ மூட்டை ஏறும்போது, வலை இழுக்கும்போது, அண்ணாந்து ஓலை வேயும்போது வருகிறது. கழுத்தைப் பின்னே சாய்க்கையில் வேர் வெளிவரும் துவாரம் குறுகும் என்பது உடற்கூறு. ஆகவே உழைப்பினால் வந்த நோயை உழைப்பு முற்றாக நீக்கப்பட்ட நிலையிலேயே இப்பொறி பதிவுசெய்கிறது. உழைப்பாளியை உழைப்பிலிருந்து பிரித்துப் பார்ப்பது நம் காலத்துச் சிந்தனை பலவற்றுக்கும் பொதுவான குறைபாடு; பொறி அதனை வேண்டுமென்று செய்யவில்லை, அவ்வளவே.

இதனால், பொறி வேண்டாம், பரிசாரியாரின் கையே போதும் என்போரோடு நாம் உடன்படுவதாகக் கொள்ளக்கூடாது. சுளுக்கிலும் பிடிப்பிலும் அக்கை பயன்பட்டிருக்கலாம். ஆனால் முண்ணாண் அழுத்துண்ட ஒருவரின் கழுத்தைத் திருகி முறித்தெடுப்பது கைகால் இரண்டையும் இழக்கச் செய்யவல்லது. நடை தள்ளாடுதல், சட்டைப் பொத்தானைப் பூட்ட முடியாது விரல்கள் தடுமாறுதல், சிறுநீர் அடக்கவியலாமை ஆகியன தோன்றின் உடனே படம் எடுக்கப்படவேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்துக்களிலும் இவ்வாறே. தலை ஒருபுறமும் தோள் மறுபுறமும் இழுபட, புயநரம்பு வேர்கள் முண்ணாணிலிருந்தே பிய்ந்துவிடும். பிய்ந்த இடத்தில் நீர்மம் தேங்கிப் பையாகத் தெரிவதனைப் படம் துலக்கமாகக் காட்டும். வேறு நரம்பை எடுத்து இணைக்கும் சத்திரசிகிச்சை ஆறு மாதத்துக்குள் நிகழ்ந்தாலே பெரும்பயன் தரும். ஓராண்டுக்கு மேற் சென்றால் தசை நலிந்து மீளாது. இவ்விபத்துக்களுக்கு ஆளாவோரிற் பெரும்பாலோர் இளைஞர். பரிசோதனைக்கான காத்திருப்புப் பட்டியலில் கழியும் ஒவ்வொரு மாதமும் அவர்தம் கையிலிருந்து கழிகிறது.

பொறிகள் சிலவே, அவை பெருநகர்களிற் குவிந்துள்ளன. கொழும்புக்கு அனுப்பப்படும் வாவிக்கரை நோயாளி 300 கிலோமீற்றருக்கு மேற் பயணஞ் செய்யவேண்டும். துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அரசாங்க வைத்தியசாலையிற் பரிசோதனை இலவசம், பயணம் இலவசமன்று. காத்திருக்க இயலாதோர் தனியார் நிலையத்துக்குக் காணியையோ நகையையோ ஈடுவைத்துச் செல்கின்றனர். பொறியின் சுருள்களைக் குளிர்விக்கப் பாகை சதம -269இல் வைக்கப்பட்ட திரவ ஈலியம் வேண்டும். மரபான பொறிக்கு ஆயிரம் இலீற்றருக்கு மேல். அந்த ஈலியம் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கட்டாரிலும் இயற்கை வாயுவிலிருந்து பிரிக்கப்படுவது. 2022 நெருக்கடியில் சாதாரண மருந்துகளுக்கே அந்நியச் செலாவணியின்றித் தவித்த நாட்டுக்கு இச்சார்புநிலையின் பொருளை விரித்துரைக்கவேண்டியதில்லை.

இப்பிரதேசத்துக்கே உரிய இன்னொன்றும் உண்டு. 2007வரை கிழக்கிலும் 2009வரை நாட்டிலும் நீடித்த போரின் எறிகணைத் துணுக்குகளை உடலிற் சுமந்தபடி வாழ்வோர் இரு கரைகளிலும் பலர். அவர்களிற் பலருக்குக் கழுத்திலும் தோளிலும் நரம்பு பழுதுற்றிருக்கலாம். பொறி மிகவும் தேவைப்படுவோர் அவர்களே. ஆனால் எறிகணைத் துணுக்கு பெரும்பாலும் உருக்கு. ஈயமும் செம்பும் காந்தத்தால் இழுக்கப்படா, உருக்கு இழுக்கப்படும். 1986இல் உலோகத்தகட்டுத் தொழிலாளி ஒருவரின் கண்ணுள் அறியப்படாது கிடந்த இரும்புத் துணுக்கு, காந்தப் பரிவுப் பொறியினுள் அசைந்து குருதி பெருகி அக்கண் பார்வையிழந்தது மருத்துவ இதழொன்றிற் பதிவாகியுள்ளது. முண்ணாணுக்கோ பெருநாடிக்கோ அருகிலுள்ள துணுக்கு இவ்வாறே அபாயமானது. நெடுங்காலம் தசையினுள் தழும்பு மூடிக் கிடப்பது பெரும்பாலும் நகராது. எனினும் அதனைச் சூழப் படம் கருந்துளையாகிச் சிதைந்துவிடும், அருகிலுள்ள நரம்பு தெரியாது. ஆகவே முதலில் ஊடுகதிர்ப் படம் எடுத்துத் துணுக்கின் இடத்தையும் அளவையும் அறிந்தபின்னரே கதிரியல் வைத்தியர் முடிவுசெய்வார். இயலாதெனின் கணனி வெட்டுமுகப் படம், நரம்பின் மின்கடத்தலை அளத்தல், கழியொலிப் படம் ஆகிய மாற்று வழிகள் உள.

இங்கேதான் மொழி உயிர்ப்பிரச்சினையாகிறது. பொறிக்குள் அனுப்புமுன், உடலில் உலோகம் ஏதும் உண்டா என வினவுவர். உலோகம் என்றதும் சங்கிலி, காப்பு, மோதிரம் என எண்ணி, எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று விடை கூறுவது இயல்பு. ‘செல் துண்டு, குண்டுச் சன்னம், கம்பி ஏதும் உடம்புக்குள் இருக்கிறதா? எப்போதாவது காயப்பட்டீர்களா?’ என்று கேட்டாலன்றி உண்மை வெளிவராது. காயத்தைச் சொல்லுதல் சந்தேகத்துக்கு இடந்தரும் என்று அஞ்சிப் பல்லாண்டு வாழ்ந்தோரிடம் அவ்வாறு கேட்கும்போதும், ஏன் கேட்கப்படுகிறது என்பதனைச் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அறிக்கையோ ஆங்கிலத்தில் வருகிறது. நோயாளி அதனை உறையோடு பத்திரப்படுத்தி, படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு திரிகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) உடற்கூற்றையும் சத்திரவைத்தியத்தையும் தமிழ் நூல்களாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். மிசனரியின் நோக்கம் எதுவாயினும், அப்பணி கலைச்சொல்லின் போதாமை என்னும் சாக்கினை அன்றே பொய்யாக்கியது. இன்றைய அறிக்கையொன்றின் முடிவுப்பகுதிக்கு வேண்டிய தமிழ் இவ்வளவே: ‘ஐந்தாம் ஆறாம் கழுத்தென்புகளுக்கு இடையிலுள்ள தட்டு வலப்புறமாகப் பிதுங்கி, ஆறாம் நரம்பு வேரை அழுத்துகிறது, முண்ணாணில் மாற்றமில்லை, வலது பெருவிரல் மரத்திருப்பின் இதுவே காரணமாகலாம், வலத் தோளில் உலோகத் துணுக்கொன்று உள்ளமையால் அவ்விடத்துப் புயநரம்புப் பின்னல் தெரியவில்லை.’